எனக்கு விற்காதீங்க

தந்தா நகரத்துத் துணிக்கடைக்காரர்களில் ராவியாவைத் தெரியாதவர் கிடையாது. எல்லாருக்கும் அவள் ஹனாதி அம்மா. மகள் ஹனாதி பிறந்த மறு வாரமே கல்யாணச் சீர் சேர்க்கத் தொடங்கியவள். எகிப்தில் எந்தத் தாய்தான் சேர்க்கவில்லை? துவாலை, போர்வை, சட்டி பானை, கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து ஒரு நாளும் யாரும் குடிக்காத கோப்பைகள். ஹனாதியின் சீர் லாரிகளில் கொட்டு மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. தாய் என்றால் இவளல்லவா தாய் என்றார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகும் அவள் வாங்குவது நிற்கவில்லை. அது ஊருக்குத் தெரியாது. போன வாரம் காய்ச்சலோடு அம்மா வீட்டில் வந்து படுக்கலாம் என்று வந்த ஹனாதிக்குத் தன் அறைக் கதவைத் திறக்கவே முடியவில்லை. தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தால், கட்டில் மேலேயும் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. உன் மகளுக்குத்தான் என்றாள் ராவியா. ஹனாதி இன்னும் முழுகாமல்கூட இருக்கவில்லை.

"பிறக்காத பிள்ளைக்குப் போர்வை இருக்கு. எனக்குப் படுக்க இடமில்லையா யம்மா?"

ராவியா பெட்டிகளை இறக்கி வைத்து மகளைப் படுக்க வைத்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். கடைக்காரர் துணியை உதறி விரிக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று துள்ளும். அந்த நேரத்தில் கவலை என்று ஒன்று உலகத்திலேயே இருக்காது. பஸ் ஏறுவதற்குள் அது செத்துவிடும். வீட்டுக்கு வந்தால் பையைப் பிரிக்கவும் தோன்றாது. இனி இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு மறுநாளே போயிருக்கிறாள்.

"உன் மாமா ஃபத்ஹி கஞ்சா இழுத்தான், தெருவே காறித் துப்புச்சு. எனக்கும் அதே நோய்தான்டி. என்னை மட்டும் நல்ல தாய், நல்ல தாய்னு தட்டிக் கொடுத்தாங்க."

டாக்டரிடம் போகலாம் என்றாள் ஹனாதி. அதற்கும் ராவியா சம்மதித்தாள். ஆனால் அதற்கு முன்னால், வாடிக்கைக் கடைகளில் ஏறி இறங்கி, தனக்கு இனி எதையும் விற்க வேண்டாம் என்று கேட்டுவிட வேண்டும் என்றாள். ஹனாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்கும், மாமியார் வீடு வரைக்கும் பேச்சு போகும் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"சிரிக்கட்டும். விக்காம இருந்தா சரி."

காய்ச்சல் விட்டதும் ஹனாதியும் கூடவே போனாள். நினைத்தபடியே சிரித்தார்கள். ஒருத்தர் புருஷனோடு சண்டையா என்று கேட்டார். இன்னொருத்தர், பக்கத்துக் கடைக்குப் போக இப்படி ஒரு சாக்கா என்று கோபித்துக்கொண்டார். ராவியா ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளை, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். ஹனாதி முதல் கடையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போகப் போகத் தலை தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷியைத் தெரியாமலா இருந்தோம் என்று இருந்தது.

கடைசியாக ஷவ்கி ஹாஜியார் கடை. பழகிய மனிதர், டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார்.

"நாளையிலிருந்து விக்கல, ஹனாதி அம்மா. இதை மட்டும் பாருங்க, காலையிலதான் மஹல்லா மில்லிலிருந்து வந்துச்சு" என்று வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை உதறிப் போட்டார்.

ராவியாவின் கை அதன் மேல் போய்விட்டது. விரல்கள் ஓரத்தைத் தடவின. முகம் மலர்ந்து, பத்து வயது குறைந்ததுபோல் ஆகிவிட்டது. ஹனாதி ஓர் அடி முன்னால் வைத்தாள். பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் நாளைக்கு யார் வந்து இழுப்பார்கள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ராவியா விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு கோணியது, பிரித்து மறுபடி மடித்தாள். ஹாஜியாரின் சிரிப்பு போய்விட்டது. அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னைக்கும் வேண்டாம், ஹாஜியார்."

அவர் விரிப்பை எடுத்து, அவள் கண்ணுக்குத் தெரியாதபடி மேசைக்கு அடியில் வைத்தார்.

வெளியே வந்ததும் ராவியா மகளின் கையை இறுகப் பிடித்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

"விடாதடி. விட்டா திரும்பிப் போயிருவேன்."

ஹனாதி விடவில்லை. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். தன் கல்யாணத்தன்றுகூட அவள் அந்தத் தெருவில் இவ்வளவு பெருமையாக நடந்ததில்லை.