விருந்தினர் அறை

கண்காட்சிக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஸ்கேல் மூன்று கலைஞர்களை மனதுக்குள் தூக்கில் போட்டுவிட்டார். முப்பத்தெட்டு வருடம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. கோணல் கோடு ஒன்றைப் பார்த்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். இங்கே சுவருக்குச் சுவர் கோணல். துருப்பிடித்த கம்பிக்கு ஒரு விளக்கு, பாசி படிந்த செங்கல்லுக்கு ஒரு விளக்கு. அந்தச் செங்கல் முட்டையிடப் போவதைப் போல ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

செங்கல் அவர் மகன் வீட்டுச் செங்கல். அதுதான் வயிற்றெரிச்சல். ஏரியை ஒட்டிய அந்த வீட்டுக்கு ஒன்பது வருடத்துக்கு முன் வரைபடம் போட்டவரும் அவரே. "ஏரியாவது, இங்க வர்றதாவது!" என்று அன்று சிரித்தார். ஏரி இரண்டு முறை வந்தது. இரண்டாம் முறை, இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவில் இருந்த சுவரைச் சாய்த்துவிட்டுப் போனது. இடிந்ததை வெட்கமில்லாமல் பொறுக்கிவந்து கலை என்று பரப்பியிருக்கிறான் மகன்.

மகனும் அவன் காதலனான பல் டாக்டரும் அந்த வீட்டில் ஜோடியாக வாழ்கிறார்கள் என்பது தெரு நாய்களுக்குக்கூடத் தெரியும். ஸ்கேலுக்கு மட்டும் டாக்டர், "பையன்கூட வாடகைக்கு இருக்கிறவர்". ஸ்கேலின் வாயில் இருக்கும் அத்தனை பல்லும் டாக்டர் செய்து மாட்டியது. அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்வார்.

கிளம்பும்போது மனைவி எச்சரித்திருந்தாள். "இன்னிக்கும் யார்கிட்டயாவது வாடகைக்காரர்னு சொன்னீங்க, பல்லைக் கழட்டி அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்துட்டு வந்துடுங்க. இனிமே எல்லாத்தையும் கரைச்சுக் குடிங்க. இன்னொரு தடவை அப்படிச் சொன்னா நம்ம வீட்டுப் படியேற மாட்டேன்னு பையன் சொல்லிட்டான்."

கடைசிச் சுவரில் அவருடைய வரைபடமே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழ்ப்பாதி முழுக்க வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கறை. ஓர் அறையில் அவர் கையெழுத்தில் 'மகன்'. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். அந்தப் பக்கம், 'விருந்தினர் அறை'.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து ஒட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா சார், தண்ணியே அந்தச் சுவரைக் கேள்வி கேக்குது!"

"தண்ணி ஒண்ணும் கேக்கலம்மா. அஸ்திவாரம் ஊறிப்போச்சு, விழுந்துச்சு."

"சரி, அந்த விருந்தினர் யாரு சார்?"

பத்தடி தள்ளி மகன் முதுகைக் காட்டி நின்றான். பேச்சை நிறுத்திவிட்டான் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. டாக்டர் மட்டும் இவர் வாயைப் பார்த்தார், பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. 'வாடகைக்காரர்' என்பதன் 'வா' உதடுவரை வந்துவிட்டது. ஸ்கேல் அதை விழுங்கினார்.

"ஒன்பது வருஷமா எவம்மா விருந்தாளியா இருப்பான்?" என்று எரிந்து விழுந்தார். "எந்தக் கழுதை எழுதினது இதை?"

பெண் குனிந்து மூலையில் இருந்த கையெழுத்தைப் படிக்க முயன்றாள். மகன் திரும்பினான். ஸ்கேல் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, அந்த எழுத்துகளின்மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ சார், தொடாதீங்க! அது கண்ணாடி!"

கண்ணாடிக்கு அடியில் எழுத்து அசையவில்லை. எச்சில் பட்டு இன்னும் பெரிதாகத்தான் தெரிந்தது. அவர் விரலை மறுபடியும் நனைத்துக்கொண்டார்.