தம்பி வீட்டுக் கூரை

சந்தையில் தம்பி மனைவி உகோடியா தலைத்துணியை விலக்கியபோதுதான் ம்பேகே பார்த்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"யாரு, என் தம்பியா?"

"அவரு ஆடு நாலாவது தடவையா என் சேம்பை மேஞ்சிருச்சு அண்ணி. புடிச்சுக் கட்டிப் போட்டேன். அதுக்குத்தான்."

ம்பேகேவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பனங்குருத்தைக் கிழித்துப் பக்கத்துக் கடைக்காரியின் கையில் திணித்தாள். அது கைமாறிக் கைமாறிச் சந்தை முழுக்கப் போயிற்று. குருத்து வந்தால் மறுநாள் எல்லாரும் திரள வேண்டும் என்று இக்போ இனப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் விடிந்ததும் முகத்தில் சாம்பல் பூசி, உலக்கையோடு திரண்டுவிட்டார்கள். சந்தைத் தலைவி ஒரியாகு தயங்கினாள். "கூடப்பொறந்தவன். நீ வராட்டிக் கூட ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"கூடப்பொறந்ததாலதான் வர்றேன். அவனுக்கு நடை பழக்குனதே நான்தான்."

தம்பி ஒக்வோசாவின் முற்றம் உலக்கைக் குத்தில் அதிர்ந்தது. "ஆட்டையே கட்டிக்கடா ஒக்வோசா, அது அடிச்சாலும் அழாது!" என்று அவர்கள் பாடப் பாட அவன் உள்ளேயிருந்து கத்தினான்.

"வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போவேன்!"

"போயேன். எங்க எல்லாரையும் கட்டி இழுத்துட்டுப் போ!"

ஊர் ஆண்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குறுக்கே வந்தால் அடுத்து அவர்கள் வீடுதான். ம்பேகே கூரையில் ஏறி ஓலையைக் கற்றை கற்றையாகப் பிய்த்தாள். உள்ளே வெயில் விழுந்தது.

"அக்கா, நீயுமா?"

"நானேதாண்டா! அம்மா இருந்திருந்தா இந்நேரம் சுவரையும் இடிச்சிருப்பா!"

பொழுது சாயும்வரை பெண்கள் முற்றத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவன் வெளியே வந்து அக்காவின் காலடியில் மண்டியிட்டான்.

"மன்னிச்சிருக்கா."

"என்னையா அடிச்ச? அவகிட்டப் போய்ச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

திரும்பி, மனைவியைப் பார்த்து உரக்கச் சொன்னான். உகோடியா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு சரியாகட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

மூன்று வாரம் தன் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத்தான் வந்தாள். அதன்பின் ஒக்வோசா அவள்மேல் கை வைக்கவில்லை. ஆடும் கட்டுத்தறியிலேயே நின்றது. ஊர் அதோடு விட்டுவிட்டது.

ம்பேகேதான் விடவில்லை. புதுக் கிழங்குத் திருநாளன்று அவன் நல்ல வள்ளிக்கிழங்காகப் பொறுக்கியெடுத்து அவள் வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

"இன்னும் கோவமாக்கா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.