ஒன்பது மணிக்குத் தூங்குபவள்

வீட்ஸ்கேவுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் அவள் அறையைக் காலி செய்ய வேண்டும், வாடகைக்கு விடப்போகிறோம் என்று பெற்றவர்கள் மிகுந்த அன்போடு சொல்லிவிட்டார்கள். அவளுக்கென்ன குறை! பேக்கரியில் ரொட்டி சுடுகிற சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்தால் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் ஒரு கட்டில் போட இடம் கிடைக்கும். காலை நீட்டுவதென்றால் அது வேறு விலை.

காசு இருந்தால் மட்டும் போதுமா? மாணவர்கள் பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை காலியானால், ஏற்கெனவே இருப்பவர்கள் கூடி உட்கார்ந்து, நேர்காணல் வைத்து, ஓட்டுப் போட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். வீட்ஸ்கே போன வீட்டில் அறை கேட்டு வந்த பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வருடமாக விடாமல் படித்துக்கொண்டிருக்கும் யெல்மர்தான் அங்கே தலைவர். தலைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினான்.

"நீ ஒரு காய்கறின்னா என்ன காய்?"

பக்கத்திலிருந்தவன் மிளகாய் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான்.

"உருளைக்கிழங்கு," என்றாள் வீட்ஸ்கே.

"ம்ம்... வியாழக்கிழமை ராத்திரி, ஊரே பார்ட்டி பண்ற நேரத்துல, நீ என்ன பண்ணுவ?"

"தூங்குவேன். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவேன். காலைல நாலு மணிக்கு வேலைக்குப் போகணும்ல?"

கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவளைப் போல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. கஷ்டமான முடிவாம். எல்லாரையுமே பிடித்திருந்ததாம்.

"கிடைச்சுதாடி?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்களேன்."

"அச்சச்சோ. சனிக்கிழமை நம்ம ரூமைப் பார்க்க ஆறு பேரு வர்றாங்களே. வேணும்னா நீயும் வந்து உட்காரு. ஆனா பொண்ணுன்னு சலுகையெல்லாம் கிடையாது, பார்த்துக்க."

சனிக்கிழமை வீட்ஸ்கே ஏழாவது ஆளாக உட்கார்ந்தாள். அம்மா தலைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். அப்பா மூக்குக் கண்ணாடியும் நோட்டுமாக வந்து உட்கார்ந்தார்.

"சாயங்காலம் ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

இந்த முறை அவள் ஏமாறத் தயாராக இல்லை.

"பத்துப் பேரைக் கூப்பிடுவேன். எல்லாருக்கும் சமைப்பேன். விடிய விடிய கிட்டார் வாசிப்பேன்!"

அவள் பிறந்ததிலிருந்து கிட்டாரைத் தொட்டதில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். இருந்தாலும் நியாயமான மனிதர், குறித்துக்கொண்டார்.

அடுத்திருந்த ச்யார்ட் என்ற ஒல்லிப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நான் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவேங்க."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாடியில் தன் அறையில், இல்லை, அந்த அறையில் அவள் இருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. "ரொம்பக் கஷ்டமான முடிவு, வீட்ஸ்கே. எல்லாரையுமே பிடிச்சிருந்தது. சீக்கிரம் உனக்கு நல்ல ரூம் கிடைக்கட்டும். அப்பா, அம்மா."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கீழே டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு எடுத்துக்கோ தம்பி," என்றாள் அம்மா.