பன்னிரண்டாவது மாரடைப்பு

நான்காவது தையலைப் பிரிக்கும்போது கத்தரி கைநழுவித் தரையில் விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்துப் பக்கம் காது கொடுத்தாள். யாரும் எழுந்து வரவில்லை.

ஆலையிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்தபோதே வெள்ளைத் துணியைக் கழுத்துவரை தைத்திருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. பிரிக்கக் கூடாது, சுகாதார விதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்கு மணிக்கு ஆலை அதிகாரி வருவார். 'மாரடைப்பு' என்று எழுதிய தாளில் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும்.

நகராட்சியில் இறப்புப் பதிவேட்டைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இந்த வருடம் அந்த ஆலைக்காரர்கள் பதினொரு பேருக்கு மாரடைப்பு என்று அடித்திருந்தாள். எட்டாவது ஆளுக்கு வயது பத்தொன்பது. ஏதோ தப்பு என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். "வந்தத அடிம்மா" என்றார் தலைமை எழுத்தர். அடித்தாள். அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். அவனுக்கும் அதே ஆலையில்தான் வேலை.

"என்னடி பண்ற?"

"கையப் பாக்கணும்."

"வருஷம் பூரா வாயத் தெறக்காதவ, இன்னைக்குத்தான் ஆரம்பிக்கிறியா? தைச்சு வை. மணி மூணே முக்கால்."

"உனக்குத் தெரியுமாண்ணா?"

அவன் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"பாய்லர் பக்கம் நான் போறதே இல்ல. அங்க என்னாச்சுன்னு கேட்டவன் எவனும் மறுநாள் வேலைக்கு வரல. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அவள் மிச்சத் தையல்களையும் பிரித்தாள். அப்பாவின் இடது கை தோள்வரை கருகியிருந்தது. கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் அவர் நிறத்தில் இருந்தது.

அண்ணன் சாய்ந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். அந்தக் கையருகே உட்கார்ந்தாள்.

"சூடே தாங்க மாட்டாரு" என்றாள். "டீயக்கூட நான் ஆத்திக் குடுத்தாத்தான் குடிப்பாரு."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணன் அவசரமாக ஊசியில் நூல் கோத்து நீட்டினான். "ப்ளீஸ்டி."

கூடத்திலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "கையெழுத்து யாரு போடறீங்க? எனக்கு இன்னொரு எடத்துக்கும் போகணும்."

அவள் ஊசியை வாங்கித் தன் முந்தானையில் குத்திக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க சார்."

அதிகாரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "கதவச் சாத்துங்க" என்றார் அண்ணனைப் பார்த்து. அண்ணனின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவன் அசையவில்லை.

கூடத்து மூலையில், துக்கத்துக்கு வந்தவர்களோடு, அந்தப் பத்தொன்பது வயதுக்காரனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மெல்ல எழுந்தாள். அதிகாரியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.