ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா

என் மாமனார் முதல் நாள் மிச்சமான சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "ஸ்டிக்கர் இருக்காம்மா?" இருந்தால் சாப்பிடுவார். இல்லாவிட்டால் எவ்வளவு பசித்தாலும் டப்பாவைத் தள்ளி வைத்துவிடுவார். அவரை அப்படிப் பழக்கியவள் நான். அவர் செத்ததுகூட நான் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவால்தான். அந்தப் பழியை ஒரு வருடம் சுமந்தவள் என் நாத்தனார். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் அன்றைக்கே தலை நிமிர்ந்திருப்பாள். திறக்கவில்லை.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறையில் மேற்பார்வையாளர். வேளைக்கு நானூறு தட்டு. எந்தச் சாப்பாடும் டப்பாவுக்குள் போன உடனே மேலே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் தேதி, நேரம், போட்டவர் கையெழுத்து எழுத வேண்டும். "சந்தேகமா இருக்கா? கொட்டு. மோந்து பாக்காத, என்னைக் கேக்காத, கொட்டு." இதை நாளைக்குப் பத்துத் தடவையாவது கத்துவேன். வெளியே கிடந்த கறியைச் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று சொன்ன ஒரு சமையல்காரரை, இருபது வருட அனுபவம் உள்ள மனுஷனை, எல்லார் முன்னாலும் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். கிருமி செத்தாலும் அது விட்டுப்போன விஷம் கொதிக்கிற தண்ணீரிலும் அழியாது என்று பாடம் எடுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அந்த ஸ்டிக்கர் சுருளில் ஒன்று வீட்டுக்கும் வந்தது. "ஆபீசர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று என் கணவர் கிண்டல் செய்வார். "என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடு, எப்ப கெட்டுப் போவேன்னு தெரியட்டும்." மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். முப்பது வருடம் ஒரு கிடங்கில் சரக்குக்குப் பொறுப்பாக இருந்தவர். சீட்டு ஒட்டாத மூட்டையை வாசலைத் தாண்ட விடாதவர். "எழுதி ஒட்டினாத்தான்டா அது பொருள், இல்லன்னா குப்பை" என்று மகனை அடக்குவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வருடக் கடைசி விடுமுறைக்கு எல்லாரும் எங்கள் வீட்டில்தான் கூடிச் சாப்பிடுவோம். கோழிக்கறி நாத்தனார் பொறுப்பு. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள். ஆனாலும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அவள் பாப்பா, அதனால் எனக்கும் பாப்பா. தன் வீட்டிலேயே சமைத்து, பாத்திரத்துக்கு மூடி போட்டுத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் வருவாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் குடும்பக் கதை பூராவும் அந்தக் கோழிக்கறியோடு சேர்ந்தே வீட்டுக்குள் வரும். அவள் கைப்பக்குவம் எனக்கு இந்த ஜன்மத்தில் வராது. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் பதினோரு பேர். எல்லாம் சூடாக இருக்கட்டும் என்று பரணிலிருந்து மின்சார அடுப்பை இறக்கினேன். அதைத் தாங்குகிற பிளக் பாயின்ட் எங்கள் சமையலறையில் ஒன்றுதான் இருக்கிறது, அதில்தான் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. ஏழு மணிக்கு ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்பைச் செருகினேன். அரை மணி நேரந்தானே, சாப்பாடு முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தேன், பிளக்கை மறந்தேன்.

ஒன்பது மணிக்கு மிச்சத்தை டப்பாக்களில் அடைத்தேன். கோழிக்கறி இரண்டு, சோறு இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதி, 9.10, என் கையெழுத்து. ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரியவில்லை. அந்த பல்பு போய் நாலு மாதம் ஆகியிருந்தது, மாற்றச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. உள்ளே குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

காலை ஆறரைக்குப் பால் எடுக்கத் திறந்தேன். பாக்கெட் வெதுவெதுப்பாக இருந்தது. ஃப்ரிட்ஜின் உறுமல் இல்லாத அமைதி அப்போதுதான் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தால், பிளக் சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரரை மணி நேரம். நான் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன், திரிந்துவிட்டது. சிங்கில் கொட்டினேன். பிளக்கைச் செருகினேன். ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது.

"என்னங்க, பால் தீந்துடுச்சு. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

முதல் பொய் அது. அந்த நிமிடமே ஐந்து டப்பாவையும் குப்பையில் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் பாப்பா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், இரவு அவளும் அவள் குடும்பமும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கொட்டினால் ஏன் என்று கேட்பாள். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்தேன் என்று சொல்ல வேண்டும். என் கணவருக்கு வருடம் முழுக்கச் சிரிக்க அது போதும். எல்லாரும் போகட்டும், அப்புறம் சத்தமில்லாமல் கொட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பதினோரு மணிக்குக் கிளம்பும்போது பாப்பா கேட்டாள். "அண்ணி, கறி மிச்சம் இருக்குல்ல? ஒரு டப்பா குடுங்க, போனதும் சமைக்க வேணாம்."

"இருக்கட்டும் பாப்பா" என்றேன். "மாமாவுக்குப் புடிக்கும்."

நாற்காலியில் இருந்த மாமனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, என் மருமகளுக்குத்தான் என் வயிறு தெரியுது" என்றார். என் கணவர் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனார். அப்படியே ஒரு நண்பர் வீட்டுக்கும் போவதாகச் சொன்னார்.

வீடு காலியானது. அப்போதாவது கொட்டியிருக்கலாம். இரண்டு நாள் நின்ற கால் வலித்தது, கொஞ்சம் படுத்தேன். எழுந்து துணி துவைத்தேன். சாயங்காலம் குப்பை எடுத்துப்போகும் நேரத்தில் மொத்தமாகப் போட்டுவிடலாம், நாறாது என்று நினைத்தேன். பசித்தபோது இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.

இறங்கி வரும்போது ஒன்றரை மணி. மாமனார் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தானே எடுத்து, தானே சூடு பண்ணி, தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் காலி.

"உன்ன தொந்தரவு பண்ண வேணாம்னுதான்" என்றார். "ஸ்டிக்கர் பாத்துட்டுத்தாம்மா எடுத்தேன். ஒம்போது பத்து. உன் கையெழுத்து."

மூடியைத் தட்டுக்குப் பக்கத்தில் கவனமாக வைத்திருந்தார், ஸ்டிக்கர் மேலே தெரியும்படி. நான் குனிந்து மோந்து பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. எழுந்திருங்க மாமா, துப்புங்க என்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி போதும். பாதி உள்ளே போயாயிற்று, இனி என்ன என்று ஒரு பாழாய்ப்போன எண்ணம். "மெதுவா சாப்பிடுங்க" என்றேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஐந்து மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன், நிற்கவில்லை. எட்டு மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்தது. மருத்துவர் என்னிடம் கேட்டார், "என்ன சாப்பிட்டார்?" "முதல் நாள் மிச்சமான கோழிக்கறி, சோறு." "ஃப்ரிட்ஜில் இருந்ததா?" "ஆமாம்" என்றேன். இரண்டாவது பொய். இதைப் பொய் என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமான பொய். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அழுது முகம் வீங்கிய என் கணவர் எல்லார் நடுவிலும் தங்கையைக் கேட்டார். "கோழிய ஒழுங்கா வேக வெச்சியா நீ?"

பாப்பா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் பஸ்ல, அந்த நெரிசல்ல, பாவம். எல்லாரும் சாப்பிட்டு எல்லாரும் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், வயசானவரு, அவருக்குத் தாங்கல என்றிருப்பார்கள். ஒருவருடைய பார்வையும் என் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பவில்லை. அதில்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே.

அதன் பிறகு பாப்பா கறி சமைப்பதை விட்டாள். கொஞ்ச நாளில் சமைப்பதையே விட்டாள். அவள் கணவரும் மகளும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். போன் செய்தால் நான் பேசுவதற்கு உம், உம் என்பாள். சில நாள் அவளாகவே கூப்பிடுவாள், முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று கேட்பாள். சொல்லுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிடுவேன்.

இந்த வருடக் கடைசி விடுமுறைக்கு என் கணவர் பிடிவாதமாக எல்லாரையும் கூப்பிட்டார். பாப்பா கடையில் வாங்கிய, பிரிக்காத ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தாள். மேசையில் நான் சமைத்தது எதையும் அவள் தொடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்துக்குப் போனதும் சமையலறைக்கு வந்தாள். நான் டப்பாவும் ஸ்டிக்கர் சுருளும் எடுத்து வைத்திருந்தேன். அவள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். அப்புறம் கிழங்கு. அப்புறம் குழம்பு. அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரம்கூட ஆகாத சாப்பாடு. கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கொட்டினாள்.

"அண்ணி" என்றாள், திரும்பாமலே. "இதுலயே வேல பாக்கறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியும். நான் எங்க தப்பு பண்ணேன்? முக்கா மணி நேரம் வெந்துச்சு. எலும்புல இருந்து கறி கழண்டு வந்துச்சு. இறக்கினதும் மூடினேன், வழியில தொறக்கவே இல்ல. இங்க வந்ததும் நீங்க மறுபடி சூடு பண்ணீங்க. வேக வெச்சதுலயா, கொண்டு வந்ததுலயா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. எதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

ஒரு வருடமாக அவள் அந்தக் கோழியைத் திரும்பத் திரும்பச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஒரு தப்பும் பண்ணல பாப்பா. நான்தான்."

பிளக், அடுப்பு, பல்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலி பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"காலைல ஆறரைக்கு. பால் திரிஞ்சுது."

"அப்பா எத்தன மணிக்கு சாப்ட்டாரு?"

"ஒன்றரைக்கு."

அவள் உதடு அசைந்தது, எண்ணினாள். "ஏழு மணி நேரம்."

"உன் முன்னாடி கொட்ட வெக்கமா இருந்துச்சு" என்றேன். "அப்புறமா கொட்டிடலாம்னு..."

"நான் கெளம்பறப்ப ஒரு டப்பா கேட்டேன்ல?"

"கேட்ட."

"குடுக்கல நீங்க." பாத்திரத்தைச் சிங்கில் வைத்தாள், சத்தம் வராமல். "மாமாவுக்குப் புடிக்கும்னீங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் நீங்க என்ன சாப்ட்டீங்க அண்ணி?"

நான் ஸ்டிக்கர் சுருளை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் காத்திருந்தாள்.

"ரொட்டி" என்றேன்.

பாப்பா தலையை ஆட்டினாள். துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, டிவிய நிறுத்திட்டு இங்க வா." என் கணவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றார், என்ன பாப்பா என்றார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரச் சொன்னாள். எனக்கு நாற்காலி காட்டவில்லை.

"சொல்லுங்க அண்ணி" என்றாள். "பிளக்குல இருந்து ஆரம்பிங்க."