டாக்டர் கடைசியில் பேசும் கூட்டம்

டீகனுக்குத்தான் கிடைத்தது. முதியோர் மருத்துவத்துக்குத் தலைவர்களை உருவாக்கப் போகிறோம் என்று மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து ஓராண்டுப் பயிற்சி ஒன்றை அறிவித்திருந்தார்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளர், என்னைப் போல பிசியோ, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கரையோரத்துக் கிழடுகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைப்பவள் நான். டீகன் வந்து நாலே வருஷம், அதுவும் மருந்தக ஜன்னலுக்குப் பின்னால். வயிறு எரியாமல் என்ன செய்யும்? வாழ்த்து அட்டையில் முதல் கையெழுத்தை நானே போட்டேன், அது வேறு விஷயம்.

பயிற்சியிலிருந்து திரும்பியவள் முதலில் கை வைத்தது, வார்டு நோயாளிகளைப் பற்றி வாராவாரம் பேசும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில். அதுவரை டாக்டர் ஹாலிஸ் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். இனிமேல் டாக்டர் கடைசியில் பேசட்டும் என்றாள். முதலில் சாப்பாட்டு வண்டி தள்ளும் ஜாய்ஸ், அப்புறம் நர்ஸ், அப்புறம் நான், கடைசியில் ஹாலிஸ். அந்த மனுஷனும் பெட்டிப்பாம்பு மாதிரி ஒத்துக்கொண்டார்! இதைத்தானே ஆறு வருஷமாகத் தேநீர் வேளையில் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்? நான் சொன்னால் புலம்பல், அவள் சொன்னால் திட்டம்.

அந்த வாரம் வார்டில் மெர்வ் டகன் இருந்தார். எண்பத்து நாலு வயது, சிங்கி இறால் படகு ஓட்டியவர். நிமோனியாவோடு வந்தவர் தேறிவிட்டார். புதன்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மனைவி லோர்னாவுக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அடுப்பு மூட்டுவதும் கடிதம் படித்துச் சொல்வதும் மெர்வ்தான். அவர் சொந்தக் காலில் வீடு போனால் இருவருக்கும் வீடு. இல்லையென்றால் இருவருக்கும் முதியோர் இல்லம், அதுவும் ஆளுக்கொரு அறை.

திங்கள் மத்தியானம் அவரை எழுப்பி நிறுத்தினேன். ஆடிப்போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, தரை இப்படி ஆடுது? கடலுக்குள்ளயா ஆஸ்பத்திரிய கட்டியிருக்கீங்க?"

படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன், நிறுத்தி மறுபடி பார்த்தேன். முப்பது குறைந்திருந்தது. "புது மாத்திரை ஏதாச்சும் குடுத்தாங்களா மெர்வ்?"

"ஆமா, ஒண்ணுக்குச் சரியாப் போறதுக்கு. அந்த மருந்துக்காரப் பொண்ணு சொல்லி மாத்தினது. நல்ல பொண்ணு, உன்ன மாதிரி அதட்ட மாட்டா."

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மாதிரி மாத்திரை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், டீகன் மாட்டிக்கொண்டாள்! தேதி, மணி, அளவு எல்லாவற்றையும் என் ஃபைலில் எழுதி வைத்தேன். பிசியோ ஃபைல் பிசியோ அறையில் இருக்கும், வேறு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நர்ஸ்கள் ஃபைலை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது.

மறுநாள் கூட்டம். மெர்வ் கஞ்சியில் பாதியை மிச்சம் வைத்தார் என்றாள் ஜாய்ஸ். நர்ஸ் பேசினாள். டீகன் என் பக்கம் திரும்பினாள்.

"ரோவினா, நீங்க சொல்லுங்க. மெர்வ் எப்படி இருக்கார்?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

ஹாலிஸைத் தனியாகப் பிடித்து, உங்கள் தலைவி மாற்றிய மாத்திரையைப் பாருங்கள் என்று காதில் போட வேண்டும். அதுதான் என் கணக்கு. கூட்டம் கலைவதற்குள் அவருக்கு அவசர அழைப்பு வந்தது. பின்வாசல் வழியாகக் காரேறிப் போய்விட்டார். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. டீகன் பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினொன்றரை மணிக்குக் குளியலறையில் மெர்வ் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

இப்படி ஏதாவது நடந்தால் குடும்பத்தைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்வது எங்கள் முறை. வியாழக்கிழமை லோர்னா வந்து உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று ஹாலிஸ் சொன்னார். அப்புறம் யாரும் கேட்காமலே டீகன் எழுந்தாள்.

"மாத்திரைய மாத்தச் சொன்னது நான். கூட்டத்த நடத்தினதும் நான். எழுந்து நின்னா பிரஷர் எவ்வளவு குறையுதுன்னு கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது, லோர்னா."

ஹாலிஸ் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்னை ஒருநாளும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. என் மடியில் ஃபைல் இருந்தது. திறந்து காட்டினால், அளந்து எழுதியவள் நான், பிரஷரைக் கேட்காமல் விட்டவள் அவள். நான் தப்பித்துவிடுவேன், அவள் பயிற்சியோடு சேர்ந்து முழுகிவிடுவாள். அதற்குத்தான் கொண்டுவந்திருந்தேன். ஆனால் பழியைக்கூட அவள் இவ்வளவு லட்சணமாக வாங்கிக்கொண்டால் மனுஷிக்கு எப்படித் தாங்கும்?

"அப்போ இது யாருக்குமே தெரியாதா?" லோர்னா எங்கள் குரல் வந்த திசைகளிலெல்லாம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள். "இவ்ளோ பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "திங்கக்கிழமையே அளந்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஹாலிஸைத் தேடினேன், போன் கிடைக்கவில்லை என்றெல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"இவ மேல பொறாமை. அதான்."

லோர்னா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவினாள். "மருந்துக்காரப் பொண்ணு எங்க இருக்கா?"

டீகன் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு இனிமே நடப்பாரா, எங்கள எங்க கொண்டு போய் வைக்கப் போறீங்க, எதுவா இருந்தாலும் நீயே எனக்குச் சொல்லும்மா. அந்தம்மா சொல்ல வேணாம்."

"சரி லோர்னா, நானே சொல்றேன்," என்றாள் டீகன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை, பாவம் பார்த்தாள். லோர்னா அவள் கையை விடவே இல்லை. என்ன சொல்ல, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.