ஹரிநாராயணனுக்குப் பதிமூன்று லோடு பாறைப்பொடி

கனடாவில் ஒரு குளிர் பிரதேசத்துக்கு ஜல்லி விற்கிற கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். மட்டாஞ்சேரி வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டுதான். அங்கே அவர்கள் தூங்கும்போது இங்கே எனக்குப் பகல். அவர்கள் எழுந்து காப்பி குடிப்பதற்குள் எத்தனை டன், எத்தனை லாரி, எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் போய்ச் சேர்ந்திருக்கும். முதலாளி பெயர் டக். நல்ல மனிதர். சுபாஷிணி என்பது அவர் வாயில் நுழையவில்லை. அதனால் எல்லா எஸ்டிமேட்டிலும் ‘சூசன்’ என்று போடச் சொல்லியிருந்தார், போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை தற்செயலாகக் கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். இடப்பள்ளி ஏஜென்சிக்காரன் ஐந்து கம்பெனிகளைக் காட்டினான். அதில் இரண்டு இதைவிட அதிகச் சம்பளம். நான் ஜல்லியைத்தான் எடுத்தேன். என் பழைய கணவன் ஹரிநாராயணன் அந்தக் கம்பெனி இருக்கிற ஊரில்தான் இருக்கிறான். ஊருக்கு வெளியே இடம் வாங்கி வீடு கட்டவேண்டும் என்பது அவன் ஆசை. அங்கே அப்படி வாங்குகிறவன் மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் ஜல்லி போட்டே ஆகவேண்டும். என்றைக்காவது வந்து மாட்டுவான் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

அவன் செய்தது இதுதான். கல்யாணமாகிப் போன முதல் குளிர்காலம். வீட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர்க் குழாயை ஐஸ் கட்டும் முன்னால் மூடவேண்டும் என்று நாலு தடவை சொன்னேன். நான் சொல்லி அவன் ஒரு காரியம் செய்ததில்லை. நேர்மாறாகச் செய்தால்தான் அவனுக்கு நிம்மதி. குழாய் வெடித்தது. ‘அப்பவே சொன்னேனே’ என்றேன். அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும், ஐஸைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வா என்று என்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். மைனஸ் இருபத்தேழு டிகிரி. காலில் சாக்ஸ் மட்டும். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தான். இடது காலில் இரண்டு விரல் போயிற்று.

விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது, நானே பனியில் இறங்கி நடந்தேன் என்று சொல்லி விமானத்தில் ஏற்றி அனுப்பினானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே விவாகரத்துப் பத்திரம் வந்தது. அவன் அம்மா பாக்கியலக்ஷ்மி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஜனைக்கு எங்களவர் கூடும் சமூஹ மண்டபத்துக்கு வருகிற ஒருத்தியையும் விடாமல் இந்தக் கதையைச் சொன்னாள்.

ஊர் நம்பியது போகட்டும். என் அம்மா சீதாலக்ஷ்மியும் நம்பினாள். பாத்ரூமின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினாள். நான் தொண்டை வறளச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, கொஞ்சம் படுத்துக்கோ என்பாள். அங்கத்திய ஆஸ்பத்திரிக் காகிதம் இங்கிலீஷில் இருந்தது, கதவைப் பூட்டியது யார் என்று அதில் இல்லை. பூட்டினது நான்தான் என்று அவன் கையால் ஒரு வரி வரவேண்டும், அதை அம்மா தன் கண்ணால் வாசிக்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை அவன் பெயர் திரையில் வந்தது. வீட்டுப் பாதை தொண்ணூறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், கையிருப்பு நாலாயிரம் டாலர். ஜல்லி வேண்டாம், கிரஷரில் மிஞ்சும் பாறைப்பொடி போதும் என்று எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் நம்மூர் முற்றத்தில் பாறைப்பொடி கொட்டி நிரப்புவார்கள். நாலு மழை பெய்ததும் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அந்த ஞானத்தைக் கனடாவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

குளிர் நாட்டில் பொடி எமன். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், குளிரில் அந்தத் தண்ணீர் ஐஸாகி வீங்கும், பாதை மேடும் பள்ளமுமாகத் தூக்கிக்கொள்ளும். ஏப்ரலில் மேலே உருகி அடியில் ஐஸ் இருக்கும்போது தண்ணீர் இறங்க வழியில்லாமல் எல்லாம் தோசை மாவாகிவிடும். அதனால் அங்கே மண்ணும் கல்லும் கலக்காமலிருக்க அடியில் ஒரு கெட்டித் துணி விரித்து, பொடி கலக்காத உடைத்த கல்லை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, அதன்மேல்தான் சின்ன ஜல்லி பரப்புவார்கள். அப்படிச் செய்தால் ஆறாயிரத்து எழுநூறு டாலர். பொடி என்றால் மூவாயிரம் சொச்சம்.

பொடியை அவன் தலையில் சத்தமில்லாமல் கட்டிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அது திருட்டு வேலை, டக்குக்கும் கெட்ட பெயர். அப்புறம்தான் அதைவிட நல்ல வழி தோன்றியது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். பொடி ஏன் ஆகாது, ஏப்ரலில் என்ன ஆகும், எந்தக் கல் வேண்டும், எத்தனை லாரி, எல்லாவற்றையும் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதினேன். வேறு யார் எழுதியிருந்தாலும் அவன் கேட்டிருப்பான். சூசன் எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பான். நான் கீழே ‘சுபாஷிணி வெங்கிடேஸ்வரன், மட்டாஞ்சேரி’ என்று முழுப்பெயரைப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. மலையாள நாட்டில் தலைமுறைகளாக இருக்கும் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் பேசுவது தமிழ், எழுதப் படிக்கத் தெரிந்தது மலையாளம். அவன் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தான். மெயில் டக்குக்கும் போகும், டக்குக்குப் புரியக்கூடாது என்ற சாமர்த்தியம். வாசித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன எழுதியிருக்கிறான் என்று டக் கேட்டார். பொடியே போதும் என்கிறார், ஆர்டரை உறுதி செய்துவிட்டார் என்றேன். அதுவும் உண்மைதான். வேறு வாடிக்கையாளராக இருந்தால் டக்கையே பேசச் சொல்லி இன்னொரு தடவை எச்சரித்திருப்பேன். இவனுக்குச் செய்யவில்லை. பதிமூன்று லோடு போயிற்று.

அந்த மெயிலை உடனே அம்மாவிடம் காட்டாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காட்டினால் அம்மா நேரே பாக்கியலக்ஷ்மியிடம் ஓடுவாள். என் பிள்ளை அப்படி எழுதவே இல்லை, உன் பெண் தானே டைப் அடித்துக்கொண்டாள் என்று அவள் ஒரே போடாகப் போடுவாள். அம்மா அதையும் நம்புவாள். எழுதினது அவன்தான் என்று அவர்கள் வாயால் முதலில் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குளிர்காலம் முழுக்கப் பாதை உறைந்து கல்லாகக் கிடந்தது. அவன் படம் எடுத்து அனுப்ப, என் பிள்ளை போட்ட ரோட்டைப் பாருங்கோ என்று பாக்கியலக்ஷ்மி மண்டபத்தில் எல்லோருக்கும் போனை நீட்டினாள். எனக்கும் நீட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் எங்கள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாக்கியலக்ஷ்மி என்னைப் பார்க்கவேயில்லை, அம்மாவிடம்தான் பேசினாள்.

“உன் பொண்ணு என் கொழந்தையைச் சதிச்சுட்டா, சீதே. அவன் காரு அச்சு வரைக்கும் சேத்துல தாழ்ந்து கெடக்கு. நாலு நாளா வேலைக்குப் போகமுடியல்லை. பைத்தியம்னு நெனச்சேன், இது வெஷமாக்கும்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்தது. இதையும் நம்பிவிட்டாள். நான் நிதானமாக, அந்தப் பொடி ஆகாது என்று நான் எழுதவில்லையா, உங்கள் பிள்ளையைக் கேளுங்கள் என்றேன்.

“எழுதினியாம். அவனும் பதிலுக்கு நன்னா எழுதினானாம். எல்லாம் எங்கிட்டே போன்ல பறஞ்சான். அதுக்கப்புறமும் நீ என்னத்துக்கு வித்தே?”

அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு மாசம் காத்திருந்தேன். மாடிக்குப் போய் அச்செடுத்து வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டேன். மாமி சொல்கிற பதில் இதுதான், இங்கிலீஷ் இல்லை, நீயே வாசி, உரக்க வாசி என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். மலையாள எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சரளமாகத்தான் ஆரம்பித்தாள்.

“‘எங்காத்து முத்தத்துல அப்பா பாறைப்பொடி போட்டு இருபது வருஷமாச்சு. இன்னிக்கும் கல்லு மாதிரி கெடக்கு. நேக்குப் பொடிதான் வேணும். ஐஸைப் பத்தி நீ என்னடீ நேக்குச் சொல்லித் தரது? அன்னிக்கு முக்கால் மணி நேரம் உன்னை வெளியில தள்ளிக் கதவைப் பூட்டினேன். ரெண்டு வெரல் போயும் நோக்குப் புத்தி...’”

அம்மாவின் குரல் நின்றது. பாக்கியலக்ஷ்மி கையை நீட்டிக் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தாள். அம்மா கொடுக்கவில்லை. மாடியில் இன்னும் ஐந்து பிரதி இருக்கிறது என்று சொன்னேன். பாக்கியலக்ஷ்மியின் குரல் உடனே இறங்கிவிட்டது. கோபத்தில் ஏதோ எழுதிவிட்டான், ஆண்பிள்ளைகள் அப்படித்தான், அது கிடக்கட்டும், இப்போது அந்தப் பாதைக்கு ஒரு வழி சொல்லு என்றாள். அவள் வெட்கம் கெட்டுக் கேட்டதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்க மாட்டேன்.

வழி சொன்னேன். பனி உருகுகிற காலத்தில் அந்த ரோடுகளில் லாரி முழுப் பாரம் ஏற்றக்கூடாது, அதனால் இரட்டை நடை, இரட்டைக் கூலி. போட்ட பொடியை முழுக்க வாரி எறியவேண்டும். துணி, கல், ஜல்லி எல்லாம் முதலிலிருந்து. பதினாலாயிரம் டாலருக்குக் குறையாது. எஸ்டிமேட் என் பெயரில்தான் வரும், உங்கள் பிள்ளை கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கல் போகும். அவள் செருப்போடு வந்த வழியே வெளியே போனாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு மறுபடி கீரையை ஆயத் தொடங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“போன வருஷம் திருப்பூணித்துறேலேருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அனந்தநாராயணன்னு பேர், ஸ்கூல் வாத்தியார். வெரல் போனதெல்லாம் தெரிஞ்சும் உன்னைக் கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். பொண்ணுக்கு மனசு செரியில்லை, பின்னால எங்களைக் குத்தம் சொல்லப்படாதுன்னு நானே சொன்னேன்.”

அந்த மனிதனை எனக்குப் பிடித்திருக்குமா, தெரியாது. மறுபடி கல்யாணம் வேண்டும் என்று நான் நினைத்ததுகூட இல்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பைத்தியம் என்று அவன் சொன்னான், அவன் அம்மா சொன்னாள், ஊர் சொன்னது. என்னைப் பெற்றவளும் அதை ஒரு வேற்று மனிதனிடம் சொல்லியிருக்கிறாள். ஹரிநாராயணன் மேல் வராத கோபம் அந்த நிமிஷம் அம்மா மேல் வந்தது.

“வெள்ளிக்கிழமை மண்டபத்துல எல்லார் முன்னாலயும் இதை வாசிக்கணும்,” என்றேன். “நான் வாசிக்கமாட்டேன். நீதான் வாசிக்கணும். வாத்தியார்கிட்ட நீ சொன்னதையும் சேத்துச் சொல்லணும்.”

அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போகட்டும் என்று நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெள்ளிக்கிழமைக்குப் பழகிக்கொள்கிறவள்போல் முதல் வரியிலிருந்து மறுபடி உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.